பிரேக் அக்கா பாட்டுப் பதிந்த கதை

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுக்கிறவர் மிதிப்பதற்காக. பதினாறு வருடங்களாக அந்தப் பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பிழைப்பு நடத்தியவரை எங்கள் பக்கத்தில் எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட சில நூறு பேரில் நானும் ஒருவன். முதல் நாள் நான் எத்தனை தடவை எஞ்சினை அணையவிட்டேன் என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நன்றிக்காகவாவது அவர் கதையை நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

வயது நாற்பத்து நான்கு. ஓட்டுநர் இருக்கையில் எப்போதும் ஒரு துண்டு விரித்திருப்பார். ஆளுக்கு ஆள் மாற்றுவார். பயத்தில் வியர்க்கிறவர்களுக்கு அவமானமாக இருக்கக் கூடாது என்று, "இது சீட்டு அழுக்காகாம இருக்கத்தான்" என்பார். வாய் மட்டும் சும்மா இருக்காது. திருப்பத்தில் நின்றால் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்குமே, அந்தத் தாளத்துக்கு ஏதாவது முணுமுணுப்பார். அவர் முறையாகப் பாட்டுக் கற்றவர் இல்லை. எந்த மேடையிலும் ஏறியதில்லை. பாடச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

கேட்ட முதல் ஆள் ஒரு நர்ஸ்.

அந்த நர்ஸுக்கு ஐம்பது வயது. ஓடுகிற ஆம்புலன்ஸில் நின்றுகொண்டே நரம்பு தேடி ஊசி போடுகிறவர். ஆனால் காரை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் போதும், கைகால் ஓடாது. டிரைவிங் டெஸ்டில் மூன்று தடவை தோற்றிருந்தார். மூன்றும் ரிவர்ஸில்தான். நான்காவது டெஸ்டுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பின்பக்கமாக ஒரு குப்பைத் தொட்டியை நோக்கி வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. பிரேக் அக்கா வண்டியை நிறுத்தினார். பிறகு என்ன தோன்றியதோ, சொல்ல வேண்டியதையெல்லாம் பாட்டாகவே பாடிவிட்டார்.

"பின்னாடி போறவங்க முன்னாடி யோசிங்க,
பாதிக் கிளட்சில மூச்சை விடுங்க,
இந்தக் கண்ணாடி, அந்தக் கண்ணாடி,
அவசரம் யாருக்கு? ஹாரன் அடிக்கிறவருக்கு!"

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் கால் இளகியது. வண்டி குப்பைத் தொட்டியை ஒட்டி அழகாக வளைந்து போய் நின்றது.

"டீச்சர், இதை எனக்கு ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க. டியூட்டிக்குப் போறப்ப பஸ்ல கேட்டுக்கிட்டே போவேன்."

"போங்க சிஸ்டர், நான் என்ன பாடகியா?"

"நான் மட்டும் என்ன டிரைவரா? குடுங்க."

அன்று சாயங்காலமே காருக்குள் உட்கார்ந்து போனில் பதிந்து அனுப்பினார். அந்த நேரத்தில் வேறொருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதால் பாட்டு நடுவில் "பிரேக்! பிரேக்!" என்று ஒரு அலறலும் சேர்ந்து பதிந்துவிட்டது. நர்ஸ் அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் சத்தமாகப் போட்டிருக்கிறார். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போன இரண்டு பேர் அப்படியே நின்றுவிட்டார்களாம்.

இதைக் கேட்டுப் பிரேக் அக்காவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. செய்வதென்றால் ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவெடுத்தார். வீட்டிலேயே நல்லபடியாகப் பதிவது என்று அவர் சொன்ன அந்த ராத்திரிச் சாப்பாட்டிலேயே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

ஒரு கட்சி அவருடைய தம்பி. கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் மைக் செட் போடுகிறவர். ஒலி விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்பது அவருடைய நினைப்பு. "அக்கா, ஸ்டுடியோவில எல்லாம் ஒரே ஒரு சாஃப்ட்வேர்தான் வெச்சிருக்காங்க. அதைப் போட்டுக்கோ. மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்."

இன்னொரு கட்சி கணவர். தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டார். "மாப்ளே, விலை ஜாஸ்தின்னா பவர் சரியா இருக்கும்னு அர்த்தமில்ல. அவ கண்ணுக்கு எது பொருந்துதுன்னு பாக்கணும்." சொன்னதோடு நிற்கவில்லை. லென்ஸ் ஆர்டர் எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, சாஃப்ட்வேர்களை வரிசையாக எழுதி, எத்தனை டிராக், எந்தக் கம்ப்யூட்டரில் ஓடும், தினமும் திறந்தால் என்ன கேட்கும் என்று முப்பத்தோரு கேள்விகள் எழுதினார். நான்கு நாள் எழுதினார். நான்காம் நாள் பிரேக் அக்கா நோட்டை வாங்கி மூடிவைத்தார்.

"என்னங்க, வண்டியைப் பத்திப் படிச்சு யாராவது ஓட்டக் கத்துக்கிட்டாங்களா? மூணை எடுத்துக்குவோம். ஆளுக்கு ஒரு வாரம் ஓட்டிப் பாக்கறேன். அவ்வளவுதான்."

தம்பி சொன்னது ஒன்று. மாதா மாதம் பணம் கட்டி வைத்துக்கொள்வது ஒன்று. அதில் முதல் முப்பது நாள் மட்டும் இலவசம். முழுக்க முழுக்க இலவசமாகவே கிடைப்பது ஒன்று. பேர்களெல்லாம் வாயில் நுழையாததால் அவற்றுக்கு லாரி, வாடகைக் கார், சைக்கிள் என்று பிரேக் அக்கா பேர் வைத்தார். வீட்டில் அதுவே நிலைத்தது.

பதிவு நடந்த இடம் படுக்கையறை மூலையில் துணி அலமாரி. கதவு இரண்டையும் திறந்து, தொங்குகிற சட்டைகளுக்கும் புடவைகளுக்கும் நடுவில் முகத்தை வைத்துப் பாடினால் எதிரொலி இருக்காது என்று தம்பி சொல்லியிருந்தார். பழைய மைக் ஒன்றும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்றும் அவரே கொடுத்தார். கடையில் லென்ஸ் ஆர்டர் போட வைத்திருந்த லேப்டாப் சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடும்.

முதல் வாரம் லாரி. திறந்ததும் திரை முழுக்கக் குமிழ்களும் முள்களும் வண்ண வண்ணக் கட்டைகளும். "என்னடா இது, பிளேன் ஓட்டச் சொல்றியா?" என்று தம்பிக்குப் போன் போட்டார். லேப்டாப்பின் விசிறி வேறு தண்ணீர் மோட்டார் மாதிரி இரைந்தது. அதுவும் பாட்டோடு சேர்ந்து பதிந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, பாடின குரல் ஹெட்போனில் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. தன் குரலே தன்னைத் துரத்துகிற மாதிரி இருந்ததில் அவருக்குத் தாளம் போய்விட்டது.

"நான் இங்க பிரேக்னு சொன்னா, இது அடுத்த தெருவுக்குப் போய் மிதிக்குதுடா! இதுக்கு யார் லைசென்ஸ் குடுத்தது?"

"அது லேட்டன்சிக்கா. அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு."

அந்த செட்டிங் நான்காவது பக்கத்தில் மூன்றாவது பெட்டிக்குள் இருந்தது. தம்பி நேரில் வந்துதான் சரி செய்தார். சரியான பிறகு லாரி நன்றாகவே ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. நான்கு வரிப் பாட்டில் இரண்டு வரிதான் தேறியிருந்தது.

இரண்டாம் வாரம் வாடகைக் கார். அது சொகுசு. ஒரு பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ் வாசிக்கும், இன்னொன்றை அமுக்கினால் பேஸ் கிட்டார் வரும். தாளத்தின் வேகம் என்ன வேண்டும் என்று முதலிலேயே கேட்டது. பிரேக் அக்கா கணவரைக் கூட்டிக்கொண்டு கீழே போய், காரில் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொன்னார். நிமிடத்துக்கு எண்பத்து நான்கு. அந்த எண்ணைப் போட்டதும் பாட்டு சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. மூன்றே நாளில் முழுப் பாட்டும் முடிந்தது. அலமாரி முன்னால் நின்று ஆடவே ஆடிவிட்டார். கணவர் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

ஆனால் ஒரு சங்கடம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மூலையில் ஒரு கட்டம் வந்தது. இன்னும் இருபத்து ஒன்பது நாள். இன்னும் இருபத்து எட்டு நாள்.

மூன்றாம் வாரம் சைக்கிள். பார்க்கச் சாம்பல் நிறத்தில் அரசாங்க அலுவலகம் மாதிரி இருந்தது. டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பதியும், வேண்டாததை வெட்டலாம், ஒட்டலாம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். அவ்வளவுதான். லேப்டாப் மூச்சு விடாமல் அமைதியாக இருந்தது.

வாரங்கள் முடிந்தும் தீர்ப்பு வரவில்லை. தம்பி லாரியை விட்டுக்கொடுக்கவில்லை. "சவுண்டுன்னு ஒண்ணு இருக்குல்ல? சைக்கிள்ல போட்டா சைக்கிள் மாதிரிதான் கேக்கும்."

கணவர் லேப்டாப்பை மூடிவைத்தார். "ஞாயித்துக்கிழமை கடைக்கு வா மாப்ளே. டெஸ்ட் பண்ணிடுவோம்."

கண்ணாடிக் கடையின் பின்னால் கண் பரிசோதிக்கிற அறை ஒன்று உண்டு. ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு கோடியில் உயரமான நாற்காலி, மறு கோடியில் மேலே பெரிதாகவும் கீழே வரவரச் சிறிதாகவும் எழுத்துகள் போட்ட வெளிச்சப் பலகை. விடுமுறை நாளில் அங்கே நடக்கிற சத்தம்கூடக் கேட்காது. அக்காவையும் தம்பியையும் பலகையைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, கணவர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் லேப்டாப்போடு நின்றார்.

"ஒரே தடவை பாடினதைத்தான் மூணுலயும் போட்டு எடுத்திருக்கேன். டிரம்ஸ் கிடையாது, வெறும் குரல். கண்ணு ஒண்ணா இருக்கணும், கண்ணாடி மட்டும் மாறணும். அப்பதான் நியாயம். சரியா?"

தொழிலில் அவர் குரல் எப்போதும் மிருதுவாக இருக்கும். அதே குரலில் ஆரம்பித்தார்.

"இது ஒண்ணு… இது ரெண்டு. எது தெளிவா இருக்கு?"

"திருப்பிப் போடுங்க மாமா."

"ஒண்ணு… ரெண்டு… இப்ப மூணு. அவசரமில்ல. நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

பிரேக் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தன் குரலை இத்தனை நிதானமாக அவர் கேட்டது அன்றுதான். நன்றாகத்தான் இருந்தது. மூன்றும் நன்றாக இருந்தன. எத்தனை தடவை மாற்றிப் போட்டும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. தம்பி மட்டும் பக்கத்து ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார்.

"ரெண்டு! சத்தியமா ரெண்டுதான் லாரி. அந்த ஆழத்தைப் பாருக்கா, அடியில ஒரு கனம் இருக்கு பாரு. காசு குடுத்தா இதுதான். நான் எத்தனை வருஷமா காதை வெச்சுச் சாப்பிடறேன்?"

கணவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். இரண்டு, சைக்கிள்.

பிரேக் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். உயரமான நாற்காலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். தம்பி முதலில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அப்புறம் அவருக்கே தாங்கவில்லை. எழுத்துப் பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவரும் சிரித்தார். "மாமா, இதை வெளியில சொல்லிடாதீங்க. அடுத்த மாசம் எனக்கு ரெண்டு பெரிய புரோகிராம் இருக்கு." அவர் கேட்டுக்கொண்டபடி கணவர் வெளியில் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது பிரேக் அக்காதான்.

லாரி அப்படி வெளியேறியது. வாடகைக் காரா, சைக்கிளா என்பதுதான் பாக்கி. டிரம்ஸை நினைத்தால் அவருக்கு வாடகைக் காரை விட மனசில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது கணவர் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. அந்த ரெண்டாவது வாரம் நீ ஏன் சாப்பிடாமக்கூட உக்காந்திருந்த?"

"நாள் போகுதேன்னுதான். மூலையில கணக்குக் காட்டுதே, முடிக்காம விட்டா வீணாத்தானே போகும்."

"பின்னாடி ஹாரன் அடிக்கிறான்னு அவசரப்படாதீங்கன்னு ஊருக்கெல்லாம் பாடிட்டு, நீ அந்த ஹாரனுக்குப் பயந்து ஓட்டியிருக்க."

பிரேக் அக்கா நடைபாதையிலேயே நின்றுவிட்டார். வாரக் கணக்கில் பார்த்தும் தன் கண்ணில் படாதது, பாட்டே தெரியாத மனிதர் கண்ணில் பட்டிருக்கிறதே என்று இருந்தது. அவரிடம் ஒரு நாளைக்கு ஏழு பேர் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருவார்கள். ஒரு வாரம் பாட நேரம் கிடைக்கும், மூன்று வாரம் கிடைக்காது. கிடைக்கிறபோது எடுத்து ஓட்டுகிற மாதிரிதான் தனக்கு ஒன்று வேண்டும் என்று தெளிந்தது. "அப்போ சைக்கிள்தான்" என்றார். அதோடு முடிவாயிற்று.

தாளத்துக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பதிலைத் தம்பிதான் கண்டுபிடித்தார். தோற்றவர் அவர், எதையாவது சாதித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. அடுத்த ஞாயிறு மதியம் மூன்று மைக்குகளோடு வந்து பயிற்சிக் காரின் நான்கு கதவுகளையும் திறந்தார்.

"அக்கா, டிக்கியை மூடு. மெதுவா இல்ல, கோவமா மூடு."

டிக்கி மூடுகிற சத்தம் பெரிய முரசு ஆயிற்று. சீட் பெல்ட் மாட்டுகிற 'கிளிக்' சின்னத் தாளம். டாஷ்போர்டைத் தட்டினால் ஒரு நாதம், ஸ்டியரிங்கை நகத்தால் தட்டினால் வேறொன்று. வைப்பர் காய்ந்த கண்ணாடியில் இழுபடுகிற ஓசையைக் கேட்டதும் தம்பிக்குக் கண் விரிந்தது. "வயலின்க்கா இது! திருப்பிப் போடு!" மூன்று மணி நேரம் அந்த மனிதர் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தார். வண்டி ரிப்பேரோ என்று கேட்க எதிர்வீட்டுக்காரர் இறங்கி வந்தார். போகும்போது அவரும் பின்கதவை இரண்டு தடவை சாத்திக் கொடுத்துவிட்டுத்தான் போனார். எல்லாவற்றையும் சைக்கிளில் அடுக்கியபோது, எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வராத ஒரு தாளம் கிடைத்தது. பாட்டைக் கேட்டவர்கள் யாரும் அதைக் கார் என்று நினைக்கவில்லை. தெரிந்த பிறகு வேறு எதுவாகவும் நினைக்கவும் முடியவில்லை.

நர்ஸ் அதை இரண்டு வாரம் பஸ்ஸில் கேட்டார். நான்காவது டெஸ்ட் அன்று, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதும் உதடு தானாக அசைய ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"என்னம்மா முணுமுணுக்கிறீங்க? பிரார்த்தனையா?"

"பாட்டு சார்."

"ஓட்டுங்க" என்றார். ஓட்டினார். இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. பாஸ். மைதானத்தின் ஓரத்தில் நின்ற பிரேக் அக்காவை நர்ஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டு இடுப்போடு தூக்கிவிட்டார். நோயாளிகளைத் தூக்கிப் பழகிய கை.

பாட்டு ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போயிற்று. மற்ற டிரைவிங் ஸ்கூல் ஆட்களும் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒரு மாதம் கழித்து, டெஸ்டுக்கு ஆள் கூட்டிப்போன ஒரு நாள், இன்ஸ்பெக்டர் பிரேக் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். எதற்கோ கண்டிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே இவர் போனார்.

"உங்க பாட்டுல ஒரு குறை இருக்கு."

"சார்?"

"வண்டி நின்னதும் ஹேண்ட் பிரேக் போடணும்னு ஒரு வரிகூட இல்ல. இந்த மாசம் மட்டும் பதினேழு பேர் அதுல ஃபெயில்." சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருந்தது. "சும்மா தோணிச்சு, எழுதினேன். பிடிக்கலன்னா கிழிச்சுப் போட்டுடுங்க."

நின்றபின் நெம்புகோலை நிமிர்த்தி இழுத்திடுவீர்,
சரிவில் உருள்வோரைச் சட்டம் என்றும் மன்னிக்காது.

பிரேக் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். "சார், நெம்புகோல்னா எங்க ஆளுங்க ஓட்டத்தை நிறுத்திட்டு அகராதி தேடுவாங்க. மாத்திக்கலாமா?"

"அது உங்க இஷ்டம்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அந்தச் சட்டம் மட்டும் இருக்கட்டும்."

இருந்தது. 'நின்னாச்சா? சரி, ஹேண்ட் பிரேக்கை இழு. உருண்டு போனா, சட்டம் என்றும் மன்னிக்காது' என்று மாற்றினார். முதல் பாதியை அவர் பாடி வைத்தார். கடைசி மூன்று வார்த்தைகளுக்கு அவர் குரல் ஒத்துவரவில்லை. சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டரையே வீட்டுக்கு வரவழைத்தார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்த அந்த மனிதரை, புடவைகளுக்கு நடுவில் முகத்தை வைத்து நிற்கச் சொன்னார்கள். எட்டுத் தடவை சொன்னார். ஏழு தடவை அதட்டலாக வந்தது. எட்டாவது தடவை தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சார், டிக்கி மூடின மாதிரி கச்சிதமா விழுந்திடுச்சு" என்றார். அது பாராட்டா என்று இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. ஆனாலும் காது வரை சிவந்துபோனார்.

இப்போது மொத்தம் ஏழு பாட்டுகள். அதிகம் பேர் கேட்பது அந்த மூன்று வார்த்தை வருகிற பாட்டைத்தான். டெஸ்ட் மைதானத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் கனத்த குரலில் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். பாட்டில் அதைச் சொன்ன இன்ஸ்பெக்டர் அங்கேயே படிவத்தோடு நிற்பது அவர்களுக்குத் தெரியாது. அவரும் காட்டிக்கொள்வதில்லை.

எட்டாவது பாட்டு ரவுண்டானாவைப் பற்றியது. போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அதைத்தான் பதிந்துகொண்டிருந்தார்கள். பாட்டு சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வருகிறது, எங்கே முடிப்பது என்று தெரியவில்லை என்று தம்பி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கணவர் வாசலில் நின்று, "எந்த வழியில வெளியே போகணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றார். பிரேக் அக்கா அலமாரிக்குள்ளிருந்து சிரித்த சிரிப்பும் சேர்ந்து பதிந்துவிட்டது. வெட்டிவிடலாமா என்று தம்பி கேட்டார்.

"இருக்கட்டும்டா" என்றார் அவர். "நல்லா இருக்கு."